சட்டம் யாருக்கு? கிருபை யாருக்கு?

சென்ற மாதம் நாம் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, நமக்குப் பல வருஷமாய்ப் பழக்கமுள்ள ஒரு கிறிஸ்தவ உபதேசியார் அதே வண்டியில் ஏறினார். நல்ல மனிதர். குடி, சூது, பொய் ஒன்றும் இல்லாதவர். நம்முடைய கொள்கை இன்னதென்று தெரிந்திருந்தும், நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் வந்து உட்காருகிறவர். வழக்கம்போல் பேச்சு மதத்தில் வந்து நின்றது. "எஜமான் அடிமையைத் தடியால் அடித்து, அந்த அடிமை இரண்டொரு நாள் கிடந்து அப்புறம் செத்தால் எஜமானுக்குத் தண்டனை கிடையாது, அடிமை அவனுடைய காசு கொடுத்த சொத்துத்தானே என்று உங்கள் வேதத்தில், யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, இதுதானா கடவுள் நீதி?" என்று கேட்டோம். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "அய்யா, அதெல்லாம் நியாயப்பிரமாணக் காலத்துச் சங்கதி. மோசே மூலமாய் யூதருக்குக் கொடுத்தது. இயேசு வந்த பிறகு எங்களுக்குக் கிருபையின் காலம். அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது" என்றார். சரி என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். தம்முடைய சபையாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். கோயில் கூரை ஒழுகுகிறதாம். ஆனால் ஒருவராவது சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கை ஒழுங்காய்க் கொண்டுவந்து கொடுப்பதில்லையாம். "தசமபாகம் கொடுப்பது கர்த்தருடைய கட்டளையல்லவா?" என்று நம்மிடமே நியாயம் கேட்டார். "எந்தப் புஸ்தகத்தில் கட்டளை?" என்றோம். "லேவியராகமம் கடைசி அதிகாரம்" என்று சொன்னார். சொன்ன மாத்திரத்தில் தாமே சிரித்துவிட்டார். அதற்குள் அவர் இறங்கவேண்டிய ஊர் வந்துவிட்டது. அவர் பாக்கி வைத்துவிட்டுப் போன பதிலைப் பற்றித்தான் இந்த வியாசம்.

முதலில் அவர்களுடைய சித்தாந்தத்தை அவர்கள் சொல்லுகிறபடியே சொல்லிவிடுவோம். எதிரியின் வாதத்தைக் கோணலாக்கிச் சொல்லிவிட்டு அதை ஜெயித்துக் காட்டுவது கெட்டிக்காரத்தனமாகாது. கடவுள் மனிதனுக்குச் சட்டம் கொடுத்தார். அந்தச் சட்டத்தை முழுவதும் அனுசரிக்க எந்த மனிதனாலும் முடியாது. கண்ணாடி முகத்திலுள்ள அழுக்கைக் காட்டுமே தவிர அழுக்கைக் கழுவாது. அதுபோல் சட்டம் மனிதனுடைய பாவத்தைக் காட்டும், பாவத்தைப் போக்காது. ஆகவே கடவுள் தம் குமாரனை அனுப்பி, மனிதன் அனுபவிக்கவேண்டிய தண்டனையை அவர்மேல் சுமத்தினார். இதை விசுவாசிக்கிறவனுக்கு மன்னிப்பு இனாமாய்க் கிடைக்கிறது. அதுதான் கிருபை. இனாம்தானே என்று மேலும் மேலும் பாவம் செய்யலாமா என்றால் கூடாது. ஏனென்றால் கிருபை பெற்றவனுடைய மனசே மாறிவிடும், நல்ல மரத்தில் நல்ல கனி காய்ப்பதுபோல் அவனிடத்தில் நல்ல நடத்தை தானாகவே காய்க்கும். அதற்குப் பரிசுத்த ஜீவியம் என்று பெயர். பவுல் கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதிய கடிதங்களின் சாரம் இதுதான் என்கிறார்கள்.

இதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நடத்தை இல்லாத விசுவாசம் செத்த பிணம் என்கிற கருத்தில் யாக்கோபு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். லூதர் 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் பாஷையில் வெளியிட்டபோது, பவுலின் கடிதங்களுக்கு முன்னால் இந்த யாக்கோபின் கடிதம் வெறும் வைக்கோல் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். கடவுள் வாக்கில் ஒரு பாகம் வைக்கோல் என்று நாம் சொல்லியிருந்தால் நம்மை என்ன செய்திருப்பார்களோ தெரியாது. விசுவாசம் மாத்திரம் போதுமா, நடத்தையும் வேண்டுமா என்பதைப் பற்றி 1517-ல் ஆரம்பித்த சண்டையில், லூதர் சபையாரும் ரோமாபுரிச் சபையாரும் 1999-ல்தான் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கூடி, இந்த விஷயத்தில் அடிப்படையில் எங்களுக்குள் வித்தியாசமில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். இடையில் 482 வருஷம்.

நிற்க. கிருபை வந்தபின் எந்தச் சட்டம் போயிற்று, எந்தச் சட்டம் நிற்கிறது? இதுதான் கேள்வி. சட்டத்தை ஒழிக்க நான் வரவில்லை, அதில் ஒரு புள்ளியும் குறையாது என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். பவுலோ விருத்தசேதனமும் தீட்டும் இனி வேண்டாம் என்கிறார். இந்த இரண்டையும் ஒட்டவைப்பதற்காகச் சபைப் பண்டிதர்கள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். மோசேயின் சட்டம் மூன்று வகையாம். ஒழுக்கச் சட்டம் ஒன்று, சடங்குச் சட்டம் ஒன்று, ராஜாங்கச் சட்டம் ஒன்று. பின்னிரண்டும் யூதரோடு போயிற்று, ஒழுக்கச் சட்டம் மாத்திரம் என்றைக்கும் நிற்கும் என்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை விரிவாய் எழுதினார். இங்கிலாந்துச் சபையார் 1571-ல் தங்கள் 39 பிரமாணங்களில் ஏழாவதாக இதைச் சேர்த்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பண்டிதர்கள் 1646-ல் இதையே ஸ்தாபித்தார்கள்.

நன்றாயிருக்கிறது. ஆனால் மோசேயின் புஸ்தகத்தில் இப்படி மூன்று கட்டாய்க் கட்டி வைத்திருக்கிறதா? வாசகர்கள் யாரிடமாவது ஒரு பைபிளை இரவல் வாங்கி லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். அறுவடை செய்யும்போது வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு என்பது 9-வது வசனத்தில். கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் உன்னிடத்தில் வைத்திருக்காதே என்பது 13-ல். பிறனை உன்னைப்போல் நேசி என்கிற, கிறிஸ்தவர்கள் ஊர் ஊராய்ப் பெருமை பேசுகிற கட்டளை 18-ல். அதற்கு அடுத்த வசனத்திலேயே, இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்று இருக்கிறது. அதற்கும் அடுத்த வசனத்தில், வேறொருவனுக்கு நியமிக்கப்பட்ட அடிமைப் பெண்ணை ஒருவன் கெடுத்தால் கொலைத் தண்டனை வேண்டாம், ஏனென்றால் அவள் சுதந்திரமுள்ளவள் அல்ல. அவன் ஒரு ஆட்டுக்கடாவைக் கொண்டுவந்து ஆசாரியனிடம் கொடுத்தால் அவன் பாவம் மன்னிக்கப்படும் என்று இருக்கிறது. அப்புறம் தாடியை ஓரம் கத்தரிக்காதே, பச்சை குத்திக்கொள்ளாதே, அந்நியனை உன் ஊரானைப்போல் நடத்து, தராசில் மோசம் செய்யாதே என்று போகிறது. எல்லாம் ஒரே அதிகாரம், ஒரே குரல், ஒவ்வொன்றுக்கும் முடிவில் ஒரே கடவுளுடைய முத்திரை. இது ஒழுக்கம், இது சடங்கு, இது ராஜாங்கம் என்று ஓரத்தில் ஒரு அடையாளமும் கிடையாது. நேசிக்கச் சொன்னது நிற்கும், கலப்புத் துணி போய்விட்டது என்று கோடு கிழித்தவன் மனிதனே.

புதிய ஏற்பாட்டிலேயே, அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில், பேதுருவும் யாக்கோபும் எருசலேமில் கூடி, யூதரல்லாத கிறிஸ்தவர்களுக்கு அதிகப் பாரம் வேண்டாம், இரத்தத்தையும் இன்னும் இரண்டு மூன்று சங்கதிகளையும் மாத்திரம் விலக்கினால் போதும் என்று தீர்மானித்தார்கள். பன்றி இரத்தத்தில் செய்த பண்டத்தை இங்கிலீஷ்காரர்கள் காலைப் பலகாரத்தோடு வெட்டி வெட்டித் தின்கிறார்கள். அதுவும் கிருபைதான் போலும்!

துணியும் தாடியும் போனால் போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறு. கோடு கிழிக்கும் பேனா யார் கையில் இருந்தது? செத்துப்போன சட்டங்களையும் பிழைத்துக்கொண்ட சட்டங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்பது மோசேயின் சட்டம். ஏழு வருஷத்துக்கு ஒரு தரம் கடனை ரத்துச் செய்யவேண்டும் என்பது உபாகமம் 15-ஆம் அதிகாரம். ஐம்பது வருஷத்துக்கு ஒரு தரம் யூபிலி. அப்போது விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்பது லேவியராகமம் 25. இவைகளில் வட்டியைத் தடுக்கும் சட்டத்தைச் சபையார் வெகு காலம் உயிரோடு வைத்திருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 1179-ல் ரோமாபுரியில் கூடிய லாத்தரன் சங்கம், பகிரங்கமாய் வட்டி வாங்குகிறவனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கூடாது என்றது. வட்டி வாங்குவது பாவமல்ல என்று சாதிக்கிறவன் மதத் துரோகி என்று 1311, 1312-ல் வியன் நகரச் சங்கம் தீர்மானித்தது. அப்புறம் வியாபாரம் பெருகிற்று, பாங்கிகள் பெருத்தன. கால்வின் 1545-ல் வட்டிக்கு இடம் கொடுத்து ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் 1571-ல் நூற்றுக்குப் பத்து வரைக்கும் வாங்கினால் பெரிய தண்டனை இல்லை என்று சட்டம் வந்தது. 1830-ல் போப்பினுடைய காரியாலயமே, சட்டப்படி வட்டி வாங்குகிறவர்களைப் பாவசங்கீர்த்தனத்தில் தொந்தரவு செய்யவேண்டாம் என்று குருமாருக்குச் சொல்லிவிட்டது. முதலாளிக்கு இடைஞ்சலாய் வந்த நாளில் கடவுள் சட்டம் காலாவதியாயிற்று. யூபிலியைக் கிறிஸ்தவ ராஜ்யம் ஒன்றாவது நடத்திற்று என்று நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் போப்பு 1300-ல் ஒரு யூபிலி ஏற்பாடு செய்தார். அதில் நிலம் ஏழைக்குத் திரும்பவில்லை, யாத்திரைக்காரர்களுடைய காணிக்கைதான் ரோமாபுரிக்கு வந்தது.

கிருபையையே விற்ற கதையும் இந்தக் கணக்கில்தான் சேரும். 1517-ல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்களே, அந்தப் பணம் முழுவதும் ரோமாபுரியில் கோயில் கட்டப் போயிற்று என்று ஜனங்கள் நம்பினார்கள். அதில் பாதி, ஆல்பிரெக்ட் என்கிற பெரிய மேற்றிராணியார் பதவி வாங்குவதற்காகப் பட்ட கடனைத் தீர்க்க ஃபுக்கர் என்கிற பாங்கிக்காரர்களுக்குப் போயிற்று. அப்போது போப்பாயிருந்த பத்தாம் லியோவும் மெடிச்சி என்கிற பாங்கிக் குடும்பத்துப் பிள்ளையே.

இதை எதிர்த்துத்தான் லூதர் கிளம்பினார். அதுவரைக்கும் அவருடைய தைரியத்தை நாமும் மெச்சுகிறோம். ஆனால் அடுத்தபடி நடந்ததைப் பாருங்கள். ஜெர்மன் குடியானவர்கள், பிரபுக்களுக்குப் பண்ணையாளாய்ப் பரம்பரை பரம்பரையாய் உழுதுகொண்டிருந்தவர்கள், லூதர் பேசின கிருபையைக் கேட்டார்கள். 1525 மார்ச்சு மாதம் மெம்மிங்கன் என்கிற ஊரில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை என்னவென்றால், கிறிஸ்து எல்லாரையும், ஆடு மேய்க்கிறவனையும் ராஜாவையும் சேர்த்தே, தம் இரத்தம் கொடுத்து மீட்டிருக்கிறபடியால் நாங்கள் யாருக்கும் அடிமைகளல்ல என்பதுதான். எவ்வளவு நேரான வாதம்! கிருபையை அவர்கள் நம்பினார்கள். நம்பினபடியே நடக்கப் பார்த்தார்கள்.

லூதர் என்ன பதில் சொன்னார்? பிரபுக்களையும் முதலில் கொஞ்சம் கண்டித்துவிட்டு, குடியானவர்களைப் பார்த்து, கிறிஸ்துவின் விடுதலை ஆத்துமாவுக்கு உரியது, அதைச் சரீரத்துக்கு உரியதாக்குகிறீர்களே, ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்றார். கலகம் முற்றியதும், மே மாதத்தில் வேறொரு புஸ்தகம் போட்டு, இவர்களை வெறிநாயைக் கொல்லுவதுபோல் கொல்லுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். எழுபதாயிரத்திலிருந்து ஒரு லக்ஷம் வரையில் குடியானவர்கள் மடிந்திருப்பார்கள் என்று சரித்திரக்காரர்கள் மதிக்கிறார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் லூதர் ஒரு பிரசங்கம் செய்தார். மோசேயின் சட்டத்தைக் காட்டி ஏழைகள் பாத்தியம் கேட்கக்கூடாது. அது யூதர்களுடைய ராஜாங்கச் சட்டம், ஜெர்மானியரை அது கட்டாது என்பது அதன் சாரம். சரி, கட்டாது. அடுத்த வருஷம், 1526-ல், யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் சூனியக்காரியை உயிரோடு விடக்கூடாது என்றிருப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது, இது மிகவும் நியாயமான சட்டம், அவர்களைக் கொல்லவேண்டியதுதான் என்றார்!

ஒரே மோசே, ஒரே லூதர், இடையில் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடியானவன் மோசேயைக் காட்டினால் மோசே யூதருக்குச் சொந்தம். கதியற்ற கிழவியைக் கொளுத்தவேண்டுமானால் மோசே ஜெர்மானியருக்கும் சொந்தம். அந்த ஒரு வசனத்தின் நிழலில், ஐரோப்பாவில் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதில் கத்தோலிக்கரும் லூதர் சபையாரும் கால்வின் சபையாரும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே கறுப்பு மனிதர்களை ஆடுமாடுபோல் விலைக்கு வாங்கி வேலை வாங்கினவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் வந்தது. ஞானஸ்நானம் கொடுத்தால் அடிமையும் கிறிஸ்தவனாகிறான். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் அடிமையாய் வைத்திருக்கலாமா? வர்ஜீனியாவில் எலிஸபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் இங்கிலீஷ்காரன், நான் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதையும் சொல்லி வழக்காடி 1656-ல் விடுதலை பெற்றாள். முதலாளிகள் பயந்துபோனார்கள். 1662-ல் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1667-ல் ஞானஸ்நானத்தினால் அடிமைத்தனம் நீங்காது என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். பாவத்தைப் போக்குகிற தண்ணீர் சங்கிலியைத் தொடக்கூடாது என்று சட்டசபையில் தீர்மானம்! சபையார் இதை எதிர்த்தார்களா? 1727-ல் லண்டன் பிஷப்பு கிப்ஸன், அமெரிக்க முதலாளிகளுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். கிறிஸ்து கொடுக்கும் விடுதலை பாவத்திலிருந்து விடுதலை, வெளி நிலைமையில் ஒரு மாறுதலும் உண்டாகாது, ஆகையால் பயப்படாமல் அடிமைகளுக்கு மதம் போதியுங்கள் என்பது அதன் கருத்து.

போதித்த சபையாரே அடிமை வைத்திருந்தார்கள். சுவிசேஷம் பரப்புவதற்காக 1701-ல் லண்டனில் ஏற்பட்ட சங்கத்துக்கு, 1710-ல் இறந்துபோன காட்ரிங்டன் என்பவர் பார்படோஸ் தீவிலுள்ள தம் கரும்புத் தோட்டங்களை அடிமைகளோடு எழுதிவைத்தார். சங்கத்தார் வாங்கிக்கொண்டார்கள். அந்த அடிமைகளுடைய மார்பில் சங்கம் என்கிற இங்கிலீஷ் வார்த்தையைப் பழுக்கக் காய்ச்சின இரும்பால் சூடு போட்டார்கள். 1833-ல் பார்லிமெண்டு அடிமைத்தனத்தை எடுத்தபோது, எஜமான்களுக்கு நஷ்டஈடாக இரண்டு கோடி பவுன் ஒதுக்கினார்கள். சங்கத்தாருக்கும் எண்ணாயிரம் பவுனுக்கு மேல் கிடைத்தது. அடிமைக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. இங்கிலாந்துச் சபையார் 2006-ல்தான் இதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். இதே சங்கம்தான் நம் தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளில் பள்ளிக்கூடம் வைத்தது. அந்தப் பள்ளிக்கூடங்களால் எழுத்து வாசனையே இல்லாதிருந்தவர்களுக்குக் கல்வி வந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தர்மக் கணக்கை மாத்திரம் படித்துவிட்டுச் சூட்டுக்கோலை மறந்துவிட முடியாது.

அடிமைகளும் அதே மோசேயைப் படித்தார்கள். தென் காரோலினாவில் டென்மார்க் வெஸே என்ற விடுதலை பெற்ற கறுப்பர், எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையான கதையைத் தம் மக்களுக்குப் படித்துக் காட்டினார். கலகத்துக்குச் சதி செய்ததாகச் சொல்லி 1822-ல் அவரோடு சேர்த்து முப்பத்தைந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே, அந்த நாட்டு பாப்டிஸ்டு சபைத் தலைவர் ரிச்சர்டு ஃபர்மன், அடிமை வைத்திருப்பது வேதத்துக்குச் சம்மதமே என்று கவர்னருக்கு நீண்ட அறிக்கை எழுதினார். 1845-ல் அடிமை விஷயமாகவே பிரிந்து ஏற்பட்ட தென்னாட்டு பாப்டிஸ்டு மகாசபை, 150 வருஷம் கழித்து 1995-ல் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று உண்டு. எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பிக் கொடுக்காதே, உன்னிடத்திலேயே அவன் இஷ்டப்பட்ட ஊரில் குடியிருக்கட்டும் என்று உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோசேயின் புஸ்தகத்தில் நாமும் எழுந்து நின்று மரியாதை செய்யக்கூடிய ஒரு சட்டம் இது. 1850-ல் அமெரிக்காவில் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் வந்தது. அப்போது மோசஸ் ஸ்டூவர்ட் என்ற பெரிய வேத பண்டிதர், அடிமையே இல்லாத வட நாட்டில் இருந்துகொண்டு, ஒரு புஸ்தகம் எழுதினார். உபாகமச் சட்டம் புறஜாதி எஜமானிடமிருந்து ஓடி வந்தவனுக்குத்தான், நம் தேசத்து எஜமான்களோ கிறிஸ்தவர்கள், ஆகையால் இங்கே செல்லாது என்றார். ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் அவன் எஜமானாகிய பிலேமோனிடம் திருப்பி அனுப்பினதையும் காட்டினார். எஜமான் அஞ்ஞானியாயிருந்தால் அடிமை பிழைத்தான். எஜமான் கிருபை பெற்றவனாயிருந்தால் அடிமைக்கு விலங்கு!

கிருபை மனசை மாற்றிவிடும் என்கிறார்களே, அதற்கு ஜான் நியூட்டனைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கிருபையைப் பாடி உலகமெல்லாம் பெயர் பெற்ற ஞானப்பாட்டை இயற்றினவர் அவரே. 1748-ல் கடலில் புயலில் அகப்பட்டுக் கடவுளைக் கூவி, அன்றைக்கே தாம் மனந்திரும்பினதாக எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு என்ன செய்தார்? 1750 முதல் 1754 வரையில் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாயிருந்து மூன்று பிரயாணம் செய்தார். மேல்தட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கீழ்த்தட்டில் விலங்கிட்ட மனிதர்கள். அந்த வேலையை அவர் விட்டதும் உடம்பு கெட்டுப்போனதனாலேயே. 1764-ல் பாதிரியானார், 1770-களில் அந்தப் பாட்டை எழுதினார், அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் புஸ்தகம் எழுதினது 1788-ல். கிருபை வந்து நாற்பது வருஷம்! கடைசியிலாவது எழுதினாரே என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். அந்தப் புஸ்தகம் நல்ல காரியம் செய்தது. ஆனால் அந்த நாற்பது வருஷத்தில் கிருபை அவரிடத்தில் காய்த்த கனி குடிக்காமலிருப்பதும் கெட்ட வார்த்தை பேசாமலிருப்பதுமாய்த்தான் இருந்தது.

நம் நாட்டிலும் இந்தத் தரம் பிரிக்கிற வித்தை நடந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த நொபிலி பாதிரியார், பூணூலும் குடுமியும் ஜாதி வழக்கமும் உலக வழக்கமே, மதமாகாது என்று வாதித்தார். 1623-ல் போப்பு அதற்கு அனுமதி கொடுத்தார். ராஜாங்கச் சட்டம் என்று பெயர் வைத்து அங்கே யூபிலியைக் கொன்றார்கள். உலக வழக்கம் என்று பெயர் வைத்து இங்கே ஜாதியைப் பிழைக்க வைத்தார்கள். கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்ஸன் 1833-ல், சபைக்குள் ஜாதியை உடனே ஒழிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் சொன்ன சமாதானமும் இதுவே. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு சிறகு, நாடாருக்கு ஒரு சிறகு, நடுவில் பீடம் என்று கவட்டைபோல் கோயில் கட்டி வைத்திருந்தார்கள். 1910-ல் அந்த ஊர்ப் பாதிரியார் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டு, சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றார்கள். கிருபை செய்யாததைக் கடப்பாரையும் கோர்ட்டும் செய்யவேண்டியிருந்தது.

"அடிமைத்தனத்தை எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்கள்தானே?" என்று நம் நண்பர் கேட்பார். வாஸ்தவம். 1688-லேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் அடிமைத்தனம் அக்கிரமம் என்று மனு எழுதினார்கள். வில்பர்ஃபோர்ஸும் பக்தரே. அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அவர்களுக்கு வழிகாட்டினது எது? அந்நியரை விலைக்கு வாங்கித் தலைமுறை தலைமுறையாய் அடிமையாய் வைத்துக்கொள்ளலாம் என்று லேவியராகமம் 25-ல் பச்சையாய் எழுதியிருக்கிறது. முதலாளிகள் அதைத்தான் படித்துக் காட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டு வேறொரு வசனத்தை எடுத்துக்கொண்டவர்கள், தள்ளவேண்டியது எது என்பதை அந்தப் புஸ்தகத்திலிருந்து தெரிந்துகொண்டிருக்க முடியாது. அடிபட்டவனைக் கண்ணால் பார்த்தார்கள், அறிவால் யோசித்தார்கள், இரக்கப்பட்டார்கள். அதற்கப்புறம் வசனம் தேடினார்கள். பரிசுத்த ஆவிதான் காட்டிற்று என்றால், அதே இங்கிலாந்துச் சபையில் பிஷப்பு கிப்ஸனுக்கு எந்த ஆவி காட்டிற்று என்று கேட்கவேண்டியிருக்கும். கூலியை அன்றன்றைக்கே கொடு என்கிற சட்டத்தை ஒரு ஆட்டிடையன் எழுதியிருந்தாலும் அது நல்ல சட்டமே. அடிமை உன் சொத்து என்கிறதைக் கடவுளே எழுதியிருந்தாலும் அது கெட்ட சட்டமே. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கிறது மனிதனுடைய அறிவு என்று ஒரு தரம் ஒப்புக்கொண்டுவிட்டால், அப்புறம் நமக்கும் அந்த உபதேசியாருக்கும் சண்டையில்லை.

அவர் விட்டுப்போன தசமபாகத்துக்கு வருவோம். சட்டம் செல்லுமென்றால் முழுவதும் செல்லட்டும். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தில் தசமபாகத்தை என்ன செய்யவேண்டும் என்று விவரமாய் எழுதியிருக்கிறது. கொடுக்கிறவனே தன் குடும்பத்தோடு அதைக் கடவுள் சன்னிதியில் சாப்பிடவேண்டுமாம். வழி தூரமானால் தானியத்தை விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே ஆடோ, மாடோ, திராட்சரசமோ, மதுவோ இஷ்டப்பட்டதை வாங்கிச் சாப்பிட்டுச் சந்தோஷமாயிருக்கவேண்டுமாம். மதுவிலக்குப் பிரசாரகரான நம் நண்பர் இந்த வசனத்தைச் சபையில் வாசித்ததுண்டா? மூன்றாவது வருஷத்துத் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து, நிலமில்லாத லேவியனும், பிற தேசத்தானும், தகப்பனில்லாத பிள்ளையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிடச் செய்யவேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. அவருடைய சபையில் எந்த வருஷம் அப்படிச் சாப்பாடு போட்டார்கள்? அந்தப் பகுதி மாத்திரம் யூதரோடு போய்விட்டதா? இதற்கு அவர் பதில் எழுதி அனுப்பினால், ஒரு எழுத்தும் குறைக்காமல் இந்தப் பத்திரிகையிலேயே போடச் செய்கிறோம்.